தஞ்சாவூருக்குப் போக அனுமதிக் கடிதம், நெதர்லாந்துக்காரருக்குப் பதில்: எப்படி எழுதுவது?

முத்தையன்கட்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய உற்பத்திச் சங்கத்தில் கணக்கும் கடிதமும் என் பொறுப்பு. நிலக்கடலையை வறுத்துப் பொதி செய்கிறோம், முருங்கையிலையை உலர்த்தித் தூளாக்குகிறோம். இதுவரை நான் எழுதிய கடிதமெல்லாம் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும்தான். அவற்றுக்கு மாதிரி கோப்பில் இருக்கிறது, திகதியை மாற்றினால் சரி.

இப்போது இரண்டு கடிதம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. முதலாவது, தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு. சங்கத்திலிருந்து மூன்று பேரும், எங்களோடு வேலை செய்யும் விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் போய், சிறு உற்பத்தியாளருக்கு ஏற்ற இயந்திரங்கள் என்ன இருக்கின்றன, கடலையை எப்படித் தரம் பிரிக்கிறார்கள், எப்படிக் களஞ்சியப்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

இரண்டாவது, நெதர்லாந்தில் இருந்து ஒரு கொள்வனவாளர். கொழும்பில் ஒரு கண்காட்சியில் எங்கள் முருங்கைத் தூளைப் பார்த்தவர். நவம்பர் நடுவில் இலங்கைக்கு வருகிறாராம், உங்கள் இடத்தைப் பார்க்கலாமா என்று நாலே வரியில் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். நவம்பரில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெயில் உலர்த்தியில் இலை காயாது, உள்வீதி முழுக்கச் சேறு. வர வேண்டாம் என்று எழுதினால் ஆள் கைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயம். வாருங்கள் என்றால் வெறும் கொட்டகையைத்தான் காட்ட வேண்டும்.

தஞ்சாவூருக்கு நான் எழுதத் தொடங்கியது இப்படி:

"பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய இயக்குநர் அவர்களின் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்வாதாரத்தை இழந்து நிற்கும் பெண்களாகிய நாம்..."

இதற்கு மேல் ஓடவில்லை. எங்கள் தலைவி வாசித்துவிட்டு, "இது நிவாரணம் கேட்கிற கடிதம் மாதிரி இருக்கு பிள்ளை" என்றார். மரியாதை குறையவும் கூடாது, கெஞ்சலாகவும் இருக்கக்கூடாது. இப்படியான கடிதங்கள் எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மாற்றித்தர ஒரு தம்பி இருக்கிறார், விஷயம் தமிழில் சரியாக வந்தால் போதும்.


கிளிநொச்சிப் பொடியன்

அக்கா, சாட்ஜிபிடியில் போட்டால் அரை நிமிடத்தில் தந்துவிடும். என் வேலை விண்ணப்பமெல்லாம் அப்படித்தான் போகிறது.


பழைய கிளாக்கர், பரந்தன்

தங்கச்சி, தம்பி சொல்வதிலும் பிழையில்லை. அது தரும் ஆங்கிலம் என்னுடையதை விட நல்லது. ஆனால் யார் வருகிறீர்கள், எந்தக் கிழமை வருகிறீர்கள், சாப்பாட்டுக்கு யார் காசு என்று அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லி முடித்தீர்கள் என்றால் கடிதம் முக்கால்வாசி முடிந்தது.

நான் கூட்டுறவில் கிளாக்கராகத் தொடங்கி, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் கடிதக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். வெளிநாட்டு ஆட்கள் வருவதும் எங்கள் ஆட்கள் போவதுமாக இருந்த அலுவலகம். அங்கே நான் கண்டுகொண்டது இதுதான்: கடிதம் ஓரிடத்தில் நிற்காது. இயக்குநருக்கு என்று எழுதுகிறீர்கள். அவருடைய செயலாளர் திறப்பார். அவர் ஒரு துறைத் தலைவருக்கு அனுப்புவார், துறைத் தலைவர் இன்னொரு மேசைக்குத் தள்ளுவார். பிறகு அதன் பிரதியை நீங்களே விசாவுக்குக் கொடுப்பீர்கள். கடைசியில் அங்கே வாசலில் நிற்கும் காவலாளி வாங்கிப் பார்ப்பார். இத்தனை பேரில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது. இவர்களில் யாரும் உங்களுக்குத் தொலைபேசி எடுத்து விளக்கம் கேட்காமலே தன் வேலையை முடிக்கக்கூடியதாக எழுதுவதைத்தான் நான் மரியாதை என்பேன். 'பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும்' யாருடைய வேலையையும் குறைக்காது.

2014 ஒக்ரோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று திரும்பவும் கொண்டுவந்தார்கள். 2015 தையில்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் எங்களைப் பார்க்க வந்த ஒரு குழுவை அழைத்துவர ஓமந்தைக்கு நான் போயிருந்தேன். சோதனைச் சாவடியில் இருந்த சிப்பாய் கடிதத்தை மேசையில் விரித்தார், கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்தார், பெயருக்குக் கீழே பேனையின் பின்முனையை மெல்ல இழுத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். நான் அழகாக எழுதிய முதல் இரண்டு பந்தியை அவர் பார்க்கவே இல்லை. நேரே கீழே அட்டவணைக்குப் போனார்: பெயர், நாடு, கடவுச்சீட்டு இலக்கம், வரும் திகதி, போகும் திகதி. எங்கள் குழு போய்விட்டது. எங்களுக்கு முன்னால் நின்ற வாகனத்தின் கடிதத்தில் பெயர்கள் எல்லாம் ஒரே பந்திக்குள் கமா போட்டு நெருக்கிக் கிடந்தன. அவர்கள் தூறலில் நின்றுகொண்டே இருந்தார்கள். இப்போது ஓமந்தையில் அந்தச் சாவடி இல்லை. ஆனால் பேனையை இழுத்து ஒப்பிடும் ஆள் எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறார்.

இனித் தஞ்சாவூர். முதல் வசனத்திலேயே கேட்பதைக் கேளுங்கள்: இன்ன சங்கம், இன்ன மாவட்டம், நான்கு பேர், இன்ன மாதம், இரண்டு நாள், உங்கள் நிறுவனத்தைப் பார்க்க அனுமதி. நீங்கள் யார் என்பது அதற்குப் பிறகு. யுத்தம், இழப்பு எல்லாம் உண்மைதான், முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மேசையில் இருப்பவர் முடிவுசெய்ய வேண்டியது, இவர்கள் வந்தால் எந்தப் பிரிவைக் காட்டுவது என்பது மட்டும்தான். மாதம் எவ்வளவு கடலை வறுக்கிறீர்கள், கையால் பிரிக்கிறீர்களா இயந்திரமா, எங்கே சிக்கல், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வருகிறீர்கள், இதை நாலு வரியில் எழுதினால் அவரே ஓரத்தில் 'இன்னாரிடம் அனுப்பவும்' என்று குறிப்பெழுதிவிடுவார்.

நிறுவனத்தின் பெயரைச் சரியாகப் போடுங்கள். 2021இல் பெயர் மாறியது, இணையத்தில் பழைய பெயரிலேயே நிறையக் கிடக்கிறது. இப்போது தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம். இதே பெயரில் அரியானா மாநிலத்தில் குண்ட்லி என்ற ஊரிலும் ஒன்று இருக்கிறது, ஆகவே 'தஞ்சாவூர்' என்பதை விட்டுவிட வேண்டாம். மத்திய அரசு நிறுவனம் என்பதால் கோப்பு ஆங்கிலத்தில்தான் ஓடும். தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதியும் சேர்ந்தே போகட்டும்.

வடிவத்துக்கு மண்டையை உடைக்க வேண்டாம். எங்கள் அரசாங்கக் கடிதத்தில் 'எனது இல., உமது இல., ஊடாக' என்று மேலே வரும். தமிழ்நாட்டில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று இடப்பக்கம் அடுக்குவார்கள். எப்படி எழுதினாலும் அவர்களுக்குப் புரியும். 'பொருள்' என்ற வரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த ஒரு வரியை வாசித்துவிட்டுத்தான் செயலாளர் எந்தக் கோப்பில் போடுவது என்று முடிவுசெய்வார்.

காசு. எங்கள் ஆட்களுக்கு இதை எழுதக் கூச்சம். சீமந்தத்துக்கோ சாமத்தியவீட்டுக்கோ கூப்பிடும்போது அந்தக் கூச்சம் சரி. இங்கே, "விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் அனைத்தும் எங்கள் செலவு. பார்வையிடுவதற்கோ பயிற்சிக்கோ கட்டணம் இருந்தால் முற்கூட்டியே அறியத்தாருங்கள்" என்று எழுதாவிட்டால், 'யார் செலவு?' என்ற கேள்வியோடு கடிதம் யாரோ ஒருவரின் தட்டில் கிடக்கும். அவரும் கேட்கக் கூச்சப்படுவார்.

பெயர்கள் தனி அட்டவணையில், கடவுச்சீட்டில் உள்ளபடி, அதே ஆங்கில எழுத்துக்கூட்டில். எங்கள் பெண்களுக்கு அடையாள அட்டையில் தகப்பன் பெயர், வங்கியில் புருஷன் பெயர், சங்கத்தில் வீட்டுப் பெயர். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஞாபகத்தில் எழுத வேண்டாம்.

போதனாசிரியர் விஷயம் தனி. அவர் அரசாங்க உத்தியோகத்தர், வெளிநாட்டு விடுமுறை எடுக்க வேண்டும். பொது 126 என்ற படிவம், அவருடைய திணைக்களம் ஊடாக மேலே போகும். அழைப்புக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே தஞ்சாவூரிலிருந்து வரும் பதிலில் அவருடைய பெயரும் பதவியும் வரவேண்டும் என்று நீங்களே உங்கள் கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வந்தபிறகு 'இன்னொன்று எழுதித் தாருங்கள்' என்று நிற்பது இரண்டு பக்கத்துக்கும் தலையிடி.

நாட்களைக் கொடுக்கும்போது இரண்டு கிழமையைக் குறிப்பிடுங்கள், அவை சரிவராவிட்டால் அவர்களே ஒன்றைச் சொல்லட்டும் என்றும் எழுதுங்கள். இல்லை என்று சொல்ல வழியில்லாத கடிதத்துக்குப் பலர் பதிலே போடமாட்டார்கள். தைப்பொங்கலை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள், அந்தக் கிழமை அங்கே ஆள் பிடிக்க முடியாது.

நெதர்லாந்துக்காரருக்கு நவம்பர் சரிவராது என்பதை முதல் பந்தியிலேயே, காரணத்தோடு எழுதுங்கள். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதினால், இவர்களிடம் பொருளே இல்லைப் போல என்று நினைப்பார். மழைக்காலம், உலர்த்தி ஓடாது, வந்தால் வேலை நடப்பதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். பதிலாக இரண்டு காலம் கொடுங்கள், மாசி நடு அல்லது ஆடி. மாசியில் வந்தால் மாங்குளம் முல்லைத்தீவு வீதியின் பாதியில் நெல் காயும், வாகனம் ஊர்ந்துதான் வரும், அதையும் பார்க்கட்டும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வேண்டாம், மடுத் திருவிழாவுக்கு வவுனியாவிலும் மன்னாரிலும் அறை கிடைக்காது. எப்படியும் அவர் நவம்பரில் கொழும்புக்கு வருகிறார் அல்லவா, உங்களில் இருவர் மாதிரிப் பொதிகளோடு கொழும்பில் வந்து ஒரு மணித்தியாலம் சந்திக்கலாம் என்று கடைசியில் எழுதுங்கள். ஆள் கைவிட்டுப் போகாது.


குருமன்காடு கொமினிகேஷன்

பழைய கிளாக்கர் ஐயா சொன்னதற்கு மேல் விசாப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். வவுனியாவில் கடை வைத்திருக்கிறேன், விசாப் படிவம் நிரப்புவதே பிழைப்பு.

கடிதம் எழுத முன் நான்கு பேருடைய கடவுச்சீட்டையும் வாங்கி முடிவுத் திகதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள், வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கடிதத்தை அனுப்பிவிட்டுப் புதுப்பித்தால் இலக்கம் மாறிவிடும், பிறகு அழைப்புக் கடிதத்தில் ஒரு இலக்கம், கையில் ஒரு இலக்கம். என் கடைக்கு வரும் சிக்கலில் பாதி இதுதான்.

இந்தியாவுக்கு இணையவழி விசா எடுக்கலாம். அதில் சுற்றுலா, வணிகம், மாநாடு என்று பிரிவுகள் இருக்கின்றன. எந்தப் பிரிவில் வரவேண்டும் என்று தஞ்சாவூர்க்காரரிடமே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், அவர்கள் எழுத்தில் சொன்னால் உங்களுக்குப் பாதுகாப்பு. வணிகப் பிரிவு என்றால் உங்கள் பெயர் அட்டையின் பிரதியும் அழைப்புக் கடிதமும் ஏற்றச் சொல்லும். சங்கத்தில் யாரிடமும் பெயர் அட்டை இல்லை என்றால் இப்போதே அடித்துவிடுங்கள்.

அழைப்புக் கடிதம் எப்படி வரவேண்டும் என்றால்: நிறுவனத்தின் கடிதத்தலைப்பில், கையெழுத்துக்குக் கீழே கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தொலைபேசியும் தட்டச்சில். சிலர் கொண்டுவரும் கடிதத்தில் வெறும் ஒரு கிறுக்கலும் வட்ட முத்திரையும்தான் இருக்கும். அது யாருடைய கை என்று விசா அதிகாரி சோதிடமா பார்ப்பார்?

நெதர்லாந்துக்காரர் வருவதற்கு ஈ.ரி.ஏ. (இலங்கைக்கான இணையவழிப் பயண அனுமதி) எடுக்க வேண்டும். அதிலும் சுற்றுலா, வணிகம் என்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் 'வணிகச் சந்திப்பு' என்று தெளிவாக எழுதினால் அவர் சரியான பிரிவைப் போடுவார்.

பிறகு ஒரு காலத்தில் அவர் உங்களை அங்கே கூப்பிட்டால், ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக விடக்கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். அவருடைய கடிதத்தில் உள்ள நாட்களும் காப்புறுதியின் நாட்களும் விமானச் சீட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.


மாங்குளத்தான், றொட்டர்டாம்

அக்கா, வணக்கம். நான் இங்கே உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியின் தரப் பிரிவில் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாலு வரியில் எழுதினார் என்று யோசிக்க வேண்டாம். இங்கே எல்லோரும் அப்படித்தான், மேலாளருக்கும் அதே நாலு வரிதான். நீங்கள் பத்துப் பன்னிரண்டு வரியில் பதில் போடுங்கள். அவர் முதற்பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் நீங்களும் முதற்பெயரில் அழைக்கலாம், அது குறைவில்லை. 'கைண்ட்லி'யை ஒவ்வொரு வசனத்திலும் தூவ வேண்டாம் என்று அந்த மொழிபெயர்க்கும் தம்பிக்குச் சொல்லுங்கள். மழைக்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம், மழை உங்கள் பிழையில்லை.

கிளாக்கர் ஐயா சொன்ன காலத்தில் எனக்கு ஒரு திருத்தம். ஒவ்வொரு பெப்ரவரியும் ஜேர்மனியில் நூரன்பேர்க் நகரில் பயோஃபாக் என்ற இயற்கை உணவுக் கண்காட்சி நடக்கும். முருங்கைத் தூள் வாங்குகிற ஆள் அந்தக் கிழமை அங்கே நிற்பார், அதற்கு முன்னும் பின்னும் அந்த வேலையிலேயே இருப்பார். ஆடி நடுவுக்குப் பிறகு இங்கே பள்ளி விடுமுறை, பிள்ளை இருக்கிற ஆள் ஊரில் இருக்கமாட்டார். ஆகவே மார்ச் முதல் இரண்டு கிழமை, அல்லது ஜூன் கடைசி என்று கொடுங்கள். மார்ச் என்றால் வீதியில் நெல்லும் குறைந்திருக்கும்.

கடிதத்தோடு ஒரு நாள் நிகழ்ச்சி நிரல் வையுங்கள், மணித்தியாலம் போட்டு. கட்டுநாயக்காவிலிருந்து உங்களிடம் வர வாகனத்தில் ஆறு மணித்தியாலமாவது ஆகும் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். வரைபடத்தில் பார்த்தால் இலங்கை சின்ன நாடு, மத்தியானம் வந்துவிட்டுப் பின்னேரம் திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

அவர் பார்க்க வருவது என்ன என்று யோசியுங்கள். பச்சை இலை எங்கே இறங்குகிறது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், எத்தனை மணித்தியாலம் காய்கிறது, காய்ந்தது எங்கே அடுக்கியிருக்கிறது. கடலையையும் காட்டுவீர்கள் என்றால் அஃப்ளடொக்சின் (பூஞ்சணத்தால் வரும் நச்சு) அளவு கேட்பார். நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை, மொத்தமாக ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 2க்கு மேல் போகக்கூடாது. ஆய்வுகூட அறிக்கையும் தொகுதிப் பதிவேடும் அன்றைக்கு மேசையில் இருக்கும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால், அவர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். அறிக்கை இல்லையென்றால் எழுத வேண்டாம், எப்போது எடுப்பீர்கள் என்று எழுதுங்கள்.

சாப்பாட்டில் ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கடலை வறுக்கும் இடத்துக்குக் கடலை ஒவ்வாத ஆள் வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, சொன்னால் கோபிக்கக்கூடாது. எங்கள் கொம்பனி ஆள் ஒருவர் ஒரு நாட்டுக்கு இப்படிப் போய், மாலை, ஆரத்தி, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிய மத்தியானச் சாப்பாடு வந்து, பதனிடும் இடத்தைப் பார்க்க அரை மணித்தியாலம்தான் கிடைத்தது. திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் 'மிக அன்பான மக்கள்' என்று இருந்தது. ஓடர் போகவில்லை.


பழைய கிளாக்கர், பரந்தன்

மாங்குளத்துத் தம்பி சொன்ன மார்ச் சரி, அந்தக் கண்காட்சி விஷயம் எனக்குப் புதிது. ஆனால் மாலை போடாமல் விடுவதற்குச் சங்கத்துப் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள், நானும் சம்மதிக்கமாட்டேன். நிரலில் 'வரவேற்பு, 10 நிமிடம்' என்று எழுதிவிடுங்கள். எழுத்தில் பத்து நிமிடம் என்று இருந்தால் தலைவியே மைக்கைப் பறித்து வைத்துவிடுவார்.


முத்தையன்கட்டு

எல்லோருக்கும் நன்றி. இரவு பிள்ளைகள் படுத்தபிறகு இருந்து எழுதினேன். தஞ்சாவூர்க் கடிதம் இப்படி வந்திருக்கிறது:

"பொருள்: இலங்கை, முல்லைத்தீவு மாவட்டப் பெண்கள் உற்பத்திச் சங்கத்தைச் சேர்ந்த மூவரும் விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் தங்கள் நிறுவனத்தை இரண்டு நாட்கள் பார்வையிட அனுமதி வேண்டல்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

வணக்கம். எங்கள் சங்கத்தின் சார்பில் நான்கு பேர், வரும் பெப்ரவரி முதலாம் அல்லது மூன்றாம் வாரத்தில், தங்கள் நிறுவனத்துக்கு இரண்டு நாட்கள் வர அனுமதி கேட்டு எழுதுகிறோம்.

நாங்கள் மாதம் ஏறக்குறைய 400 கிலோ நிலக்கடலையை வறுத்துப் பொதி செய்கிறோம். முருங்கையிலையை உலர்த்தித் தூளாக்குகிறோம். கடலையைக் கையால் தரம் பிரிப்பதால் பழுதான பருப்பு கலந்துவிடுகிறது. மழைக்காலத்தில் களஞ்சியத்தில் ஈரம் ஏறுகிறது. சிறு அளவில் தரம் பிரிக்கும் இயந்திரங்கள், ஈரப்பதம் அளக்கும் முறை, மழைக்காலத்தில் இலை உலர்த்தும் வழி ஆகிய மூன்றையும் பார்த்துக் கேட்டறிய விரும்புகிறோம்.

பயணம், தங்குமிடம், உணவு அனைத்தும் எங்கள் செலவு. பார்வையிடக் கட்டணம் உண்டெனில் அறியத்தந்தால் முற்கூட்டியே செலுத்துவோம். குறிப்பிட்ட வாரங்கள் தங்களுக்கு வசதிப்படாவிட்டால் வேறு நாட்களைத் தெரிவியுங்கள், நாங்கள் அதற்கேற்ப ஒழுங்குசெய்வோம்.

வருபவர்களின் விபரம் இணைப்பில் உள்ளது. நான்காமவர் அரச உத்தியோகத்தர் என்பதால், தங்கள் அனுமதிக் கடிதத்தில் அவருடைய பெயரும் பதவியும் இடம்பெற்றால் அவர் விடுமுறை பெற உதவியாக இருக்கும். எந்த வகை விசாவில் வரவேண்டும் என்பதையும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள"

நெதர்லாந்துக்காரருக்கு பதினொரு வரிதான். மழை, மார்ச் அல்லது ஜூன், கொழும்பில் சந்திப்பு, ஒவ்வாமை கேள்வி. ஆய்வு அறிக்கை எங்களிடம் தூளுக்கு மட்டும் இருக்கிறது, கடலைக்கு மார்ச்சுக்கு முன் எடுப்போம் என்று உள்ளதை எழுதினேன். தலைவி இரண்டையும் வாசித்துவிட்டு, "இப்ப சரி, கையெழுத்துப் போடலாம்" என்றார். இதில் இன்னும் ஏதாவது குறை தெரிகிறதா?


பழைய கிளாக்கர், பரந்தன்

நல்லாய் வந்திருக்கிறது. என்னுடைய அலுவலகத்தில் இருந்திருந்தால் திருத்தாமல் தட்டச்சுக்குக் கொடுத்திருப்பேன். சில்லறை விஷயங்கள் மட்டும்.

முதலாம் வாரம், மூன்றாம் வாரம் என்பதோடு திகதியையும் போடுங்கள். வாரத்தை ஒருவர் ஞாயிறிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் திங்களிலிருந்து. உங்கள் சங்கத்தின் பதிவு இலக்கம் கடிதத்தலைப்பில் இல்லை என்றால் கீழே எழுதுங்கள். உங்களைத் தெரியாதவர்களுக்கு நீங்கள் உள்ளவர்கள்தான் என்று காட்டும் ஒரே சாட்சி அது. கடவுச்சீட்டு இலக்கங்கள் உள்ள அட்டவணையைத் தனிப் பக்கமாக, பி.டி.எப். ஆக வையுங்கள், மின்னஞ்சலின் உடம்பில் ஒட்ட வேண்டாம், அது யார் யாருக்கோ போகும். கோப்பின் பெயர் 'கடிதம் கடைசி புதுசு 2' என்று இருக்கக்கூடாது. சங்கத்தின் பெயரும் மாதமும் போதும்.

இரண்டு கிழமை பொறுங்கள். பதில் இல்லையென்றால், "முந்திய கடிதம் கிடைத்ததா என்று அறிய எழுதுகிறோம்" என்று இரண்டு வரி எழுதி, பழைய கடிதத்தையும் திரும்ப இணைத்து அனுப்புங்கள். 'ஏன் பதில் இல்லை' என்ற தொனி வரக்கூடாது. அதற்கும் அசையாவிட்டால் தொலைபேசி.

போய்வந்த கிழமையே நன்றிக் கடிதம். உங்களைக் கூட்டிக்கொண்டு இடமெல்லாம் காட்டியவருடைய பெயருக்கு எழுதி, பிரதியை இயக்குநருக்கு அனுப்புங்கள். 'அனைவருக்கும் மனமார்ந்த நன்றிகள்' என்று பொதுவாக எழுதினால் அந்த மனுசனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் எந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார், அதை வைத்து நீங்கள் இங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், அவருடைய மேலதிகாரி அதை வாசிப்பார். அடுத்த முறை ஒட்டுசுட்டானிலிருந்து கடிதம் போனால் அவரே எடுத்துக்கொண்டு ஓடுவார்.

கையெழுத்து தலைவியுடையது, தொடர்புக்கு உங்கள் பெயரும் இலக்கமும். இலக்கத்துக்கு முன்னால் +94 போட்டு, தொடக்கத்தில் உள்ள பூச்சியத்தை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பும் அதே இலக்கம்தான் என்று எழுதுங்கள், அங்கே பாதி வேலை இப்போது அதில்தான் நடக்கிறது.